பியெமோன்தே ஒயின்: லேபிளை எப்படிப் படிப்பது?

கடை அலமாரியில் மூன்று பாட்டில்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் 'பார்பெரா டாஸ்டி' என்று எழுதியிருக்கிறது, அடுத்ததில் 'பரோலோ', மூன்றாவதில் 'லாங்கே நெபியோலோ'. மூன்றும் வடமேற்கு இத்தாலியின் பியெமோன்தே மாநிலத்துச் சிவப்பு ஒயின்கள். முதல் பாட்டிலில் திராட்சையின் பெயரும் ஊரின் பெயரும் இருக்கின்றன. இரண்டாவதில் ஊர்ப் பெயர் மட்டும். மூன்றாவதில் வட்டாரத்தின் பெயரும் திராட்சையின் பெயரும். பின்னிரண்டும் ஒரே திராட்சையில் செய்தவைதான். ஆனால் லேபிளை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. விலையைப் பார்த்தால் பரோலோ இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகவே இருக்கும்.

இத்தாலிய ஒயினுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இத்தாலியச் சட்டத்தில் ஒயினின் பெயர் நிலத்துக்குச் சொந்தம். எந்த நிலத்தில் விளைந்த எந்தத் திராட்சையை எவ்வளவு காலம் பக்குவப்படுத்தினால் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு பெயருக்கும் தனி விதித்தொகுப்பு உண்டு. நாம் புவிசார் குறியீடு என்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான்; கண்டிப்பு மட்டும் அதிகம். அந்த விதிகள் கொஞ்சம் பிடிபட்டுவிட்டால், லேபிளில் இருக்கும் நாலைந்து சொற்களை வைத்தே உள்ளே இருப்பதைப் பற்றி நிறைய ஊகித்துவிடலாம். இத்தாலியின் இருபது மாநிலங்களிலும் ஒயின் செய்கிறார்கள். ஆனாலும் தொடக்கக்காரர்களை நான் பியெமோன்தேக்குத்தான் அனுப்புவேன். இங்கே முக்கியமான ஒயின்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு திராட்சை ரகத்தில் செய்யப்படுகின்றன. அதனால் மண் என்ன செய்கிறது, விதி என்ன செய்கிறது என்பது கலப்பில்லாமல் தெரியும்.

மாநிலத்தின் தலைநகர் டூரின். அதற்குத் தென்கிழக்கே, தானாரோ ஆற்றின் வலது கரையில் லாங்கே குன்றுகள் எழுகின்றன. அவற்றின் ஓரத்தில் ஆல்பா என்ற சிறு நகரம். ஆல்பாவுக்குத் தென்மேற்கே பரோலோ, வடகிழக்கே பார்பரெஸ்கோ, ஆற்றுக்கு அக்கரையில் ரோவெரோ. இன்னும் கிழக்கே போனால் ஆஸ்டி நகரும் மொன்ஃபெர்ராத்தோ குன்றுகளும். லாங்கே, ரோவெரோ, மொன்ஃபெர்ராத்தோ திராட்சை நிலங்களை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நெபியோலோ என்ற பிடிவாதக்காரத் திராட்சை

பியெமோன்தேயின் பெருமை நெபியோலோ. பரோலோ, பார்பரெஸ்கோ இரண்டும் நூறு விழுக்காடு இந்தத் திராட்சைதான். வேறு எதையும் ஒரு சொட்டு கலக்க விதி இடம் கொடுப்பதில்லை. வளர்ப்பவரைப் பாடாய்ப் படுத்தும் கொடி இது. வசந்தத்தில் மற்ற ரகங்களுக்கு முன்பே துளிர்விடும். அதனால் பின்பனி விழுந்தால் முதலில் கருகுவதும் இதுவே. பழுப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில். மற்ற ரகங்களெல்லாம் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளத்தாக்கில் மூடுபனி படியும் அக்டோபரில்தான் இதன் அறுவடை. அந்த நேரத்தில் ஒரு மழை அடித்தால் ஓராண்டு உழைப்பும் போய்விடும். நல்ல வெயில் படும் சரிவு இல்லாவிட்டால் முழுதாகப் பழுக்காது. ஆகவே குன்றில் தெற்கும் தென்மேற்கும் பார்த்த நல்ல இடங்களை நெபியோலோவுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்ச இடங்களில்தான் மற்றவற்றை நடுவார்கள்.

கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். இத்தனை பேர் பெற்ற சிவப்பு ஒயின் இவ்வளவு வெளிறியா இருக்கும் என்று தோன்றும். குவளைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிகிற அளவு மெல்லிய மாணிக்க நிறம். சில ஆண்டுகள் ஆனால் விளிம்பில் செங்கல் நிறம் ஏறிவிடும். மூக்கருகே கொண்டுபோனால் உலர்ந்த ரோஜா, செர்ரி, வயதானால் தார், புகையிலை, ஈரமண். இந்த மென்மையை நம்பி ஒரு வாய் குடித்தால், கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல ஈறு முழுக்கத் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். புளிப்பும் கூர்மையாக நிற்கும். நிறத்தில் மென்மை, வாயில் வன்மை என்ற இந்த முரண்தான் நெபியோலோவின் முகவரி. அந்தத் துவர்ப்பும் புளிப்பும் தணிய ஆண்டுகள் வேண்டும். பரோலோ விதிகளில் பக்குவக் காலம் அவ்வளவு நீளமாக இருப்பதற்கு இதுதான் அடிப்படை. சாப்பாட்டோடு குடித்தால் கொழுப்பும் புரதமும் அந்தத் துவர்ப்பைக் கணிசமாக அடக்கிவிடும். நீண்ட நேரம் வேகவைத்த மாட்டிறைச்சி, முதிர்ந்த பாலாடைக்கட்டி, இலையுதிர் காலத்தில் ஆல்பாவின் வெள்ளை டிரஃபிள் என்ற மண்ணடிக் காளானைச் சீவிப்போட்ட முட்டைக்கரு நூடுல்ஸ் எல்லாம் இதே வட்டாரத்தின் உணவுகள் என்பது தற்செயல் இல்லை.

மற்ற ரகங்கள்

லாங்கே வீடுகளில் தினசரி மேசைக்கு வருவது நெபியோலோ இல்லை, பார்பெராவும் டொல்செத்தோவும்தான். பார்பெரா நேர் எதிர் குணம்: அடர்ந்த நிறம், நல்ல புளிப்பு, துவர்ப்பு மிகக் குறைவு. புதிதாகச் சிவப்பு ஒயின் குடிப்பவருக்கு உடனே பிடித்துப்போகும். 'பார்பெரா டாஸ்டி', 'பார்பெரா டால்பா' என இரண்டு பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று ஆஸ்டிப் பக்கம், மற்றது ஆல்பாப் பக்கம். ஆல்பாவில் நல்ல சரிவுகளை நெபியோலோ எடுத்துக்கொள்கிறது. ஆஸ்டியிலோ அந்த மரியாதை பார்பெராவுக்கே கிடைக்கிறது. ஆகவே பார்பெராவின் உச்சத்தைத் தேடுபவர்கள் ஆஸ்டிப் பக்கம்தான் போகவேண்டும். அங்கே நீட்சா ஊரைச் சுற்றியுள்ள 18 ஊர்களின் பார்பெராவுக்கு 2014-ல் 'நீட்சா' என்றே தனிப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அந்த லேபிளில் பார்பெரா என்ற சொல்லைத் தேடினால் ஏமாறுவீர்கள். உள்ளே இருப்பது முழுக்கப் பார்பெராதான்.

டொல்செத்தோ சீக்கிரம் பழுக்கும், புளிப்புக் குறைவு, சீக்கிரமே குடித்துவிடவேண்டியது. பெயருக்கு இனிப்பு என்று பொருள் வந்தாலும் இனிப்பு ஒயின் இல்லை. டொல்யானி ஊரைச் சுற்றி விளைவது 'டொல்யானி' என்ற பெயரிலேயே வரும்.

வெள்ளை ஒயின்களில் ரோவெரோவின் ஆர்னெய்ஸ், தென்கிழக்கே கொர்தேசே திராட்சையில் செய்யும் 'காவி' என்ற ஒயின் இரண்டும் இலகுவானவை. ஆனால் அளவில் எல்லோரையும் விஞ்சுவது மொஸ்காட்டோ. 'மொஸ்காட்டோ டாஸ்டி' லேபிளில் ஆல்கஹால் சுமார் 5 விழுக்காடு என்றிருப்பதைப் பார்த்து அச்சுப்பிழையோ என்று நினைக்கவேண்டாம். நொதித்தல் பாதியில் இருக்கும்போதே தொட்டியைக் குளிரவைத்து, ஈஸ்ட்டை வடிகட்டி நிறுத்திவிடுகிறார்கள். அதனால் திராட்சையின் சர்க்கரையில் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடுகிறது. மெல்லிய நுரையும் இருக்கும். வெறும் 'ஆஸ்டி' என்று எழுதியிருந்தால் அது நன்றாகப் பொங்கும் வகை, ஆல்கஹாலும் கொஞ்சம் கூடுதல். மூடிய தொட்டிக்குள்ளேயே நுரை பிடிக்க வைக்கும் முறைக்கு 1895-ல் காப்புரிமை வாங்கிய ஃபெதெரிக்கோ மார்த்தினோத்தி ஆஸ்டியின் ஒயின் ஆய்வு நிலையத்தை நடத்தியவர். இன்று புரொசெக்கோ என்ற நுரை ஒயின் செய்பவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள்.

சட்டத்தின் படிகள்

ஒயின் பெயர்களுக்கான இத்தாலியச் சட்டம் 1963-ல் வந்தது. லேபிளில் டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி. என்று காணும் எழுத்துகளின் மூலம் அதுதான். டி.ஓ.சி. என்றால் பிறப்பிடம் கட்டுப்படுத்தப்பட்ட பெயர். அதற்கு அடுத்த உயர்ந்த படியான டி.ஓ.சி.ஜி.-யில் கட்டுப்பாட்டோடு உத்தரவாதமும் சேர்கிறது. எல்லைக்கோடு, திராட்சை ரகம், ஒரு ஹெக்டேரில் எடுக்கக்கூடிய அதிகபட்ச விளைச்சல், குறைந்தபட்ச ஆல்கஹால், பக்குவக் காலம் எல்லாம் இரண்டிலும் வரையறுக்கப்பட்டிருக்கும். ஆய்வகச் சோதனையும், சுவைப்பவர்கள் குழுவின் ஒப்புதலும் கட்டாயம். டி.ஓ.சி.ஜி.-யில் விதிகள் இன்னும் இறுக்கமானவை. அதோடு ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் அரசு அச்சகத்தின் வரிசை எண் கொண்ட காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். பாட்டிலைத் திறக்கும்போது அது கிழியும். கடையில் பரோலோ வாங்கும்போது முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

பரோலோவும் பார்பரெஸ்கோவும் 1966-ல் டி.ஓ.சி. ஆயின. 1980-ல், டி.ஓ.சி.ஜி. தகுதி பெற்ற முதல் சில ஒயின்களில் இவை இரண்டும் இருந்தன. இன்று பியெமோன்தே அளவுக்கு டி.ஓ.சி.ஜி. பெயர்கள் வேறெந்த மாநிலத்திலும் இல்லை. மற்ற பல மாநிலங்களில் காணும் ஐ.ஜி.டி. என்ற தளர்வான படி இங்கே அறவே கிடையாது. தகுதிப் பெயர் கிடைக்காத ஒயின் நேராக வெறும் 'ரோஸ்ஸோ' அல்லது 'பியாங்கோ', அதாவது சிவப்பு, வெள்ளை என்ற பொதுப் பெயருக்கு இறங்கிவிடும். லேபிளில் டி.ஓ.பி. என்றும் பார்க்கலாம். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சொல், டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி. இரண்டும் அதற்குள் அடக்கம்.

இத்தனை கண்டிப்பும் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 1986-ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்ட மலிவு ஒயினில் மெத்தனால் கலந்துவிற்றதில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. அந்த ஒயினின் தடம் பியெமோன்தேயில் நர்ட்சோலே என்ற ஊருக்குப் போய் முடிந்தது. நேர்மையாக உழைத்த விவசாயிகளின் ஒயினும் அந்த ஆண்டு விற்காமல் தேங்கியது. பிறப்பிடமும் தடயமும் லேபிளில் இருக்கவேண்டும் என்ற வற்புறுத்தலுக்குப் பின்னால் உயிர்கள் போன கதை இருக்கிறது.

பரோலோ லேபிளை வரிவரியாக

'பரோலோ' என்ற பெயர் ஒரே ஊரைக் குறிப்பதுபோல் தோன்றினாலும் 11 ஊராட்சிகளின் நிலம் அதில் அடக்கம். பரோலோ, காஸ்திலியோனே ஃபல்லெத்தோ, செர்ராலுங்கா மூன்றும் முழுமையாக. லா மோர்ரா, மொன்ஃபோர்தே, வெர்துனோ உள்ளிட்ட எட்டு ஊர்கள் பகுதியளவில். மொத்தத்தில் ஏறத்தாழ 2,200 ஹெக்டேர் தோட்டம். கொடி குன்றுச் சரிவில்தான் இருக்கவேண்டும், பள்ளத்தாக்கின் சமதளத்தில் கூடாது. ஹெக்டேருக்கு அதிகபட்சம் 8 டன் திராட்சை. ஆல்கஹால் குறைந்தது 13 விழுக்காடு.

பக்குவக் காலம் 38 மாதம். அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில். அறுவடை ஆண்டின் நவம்பர் 1-லிருந்து கணக்கு. 2020 அறுவடை என்றால் 2024 ஜனவரிக்கு முன் சந்தைக்கு வரமுடியாது. லேபிளில் 'ரிசெர்வா' என்றிருந்தால் 62 மாதம், அதே அறுவடைக்கு 2026 ஜனவரி. ரிசெர்வா என்ற சொல் கூடுதல் காலத்தை மட்டுமே உறுதி செய்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் சிறந்த ஆண்டுகளின் சிறந்த ஒயினைத்தான் அதற்கு ஒதுக்குவார்கள் என்றாலும் அது அவர்கள் விருப்பம், விதி இல்லை.

பரோலோவுக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கலாம்: கன்னுபி, புஸ்ஸியா, ஜினெஸ்த்ரா, ப்ருனாத்தே. இவை குன்றுப் பகுதிகளின் பெயர்கள். இந்தப் பழக்கம் மிகப் பழையது. கன்னுபி என்று எழுதி 1752 எனத் தேதியிட்ட பாட்டில் ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பார்பரெஸ்கோவில் 2007-லும் பரோலோவில் 2010-லும் இந்தப் பெயர்களுக்கெல்லாம் எல்லை வகுத்து அதிகாரபூர்வமாக்கினார்கள். பரோலோவில் 181 (அதில் 11 ஊர்ப் பெயர்கள்), பார்பரெஸ்கோவில் 66. ஒரு விஷயத்தில் கவனம் தேவை: இது தரவரிசை இல்லை. பிரான்சின் பர்கண்டியில் தோட்டங்களுக்குப் படிநிலை உண்டு, இங்கே இல்லை. புஸ்ஸியா மட்டும் ஏறத்தாழ 300 ஹெக்டேர் பரந்து கிடக்கிறது. சில பெயர்களுக்கோ சில ஹெக்டேர்தான். அவ்வளவு பெரிய பரப்பில் எல்லா மூலையும் ஒரே தரமாக இருக்க வாய்ப்பில்லை. குன்றின் பெயர் போட்டிருக்கிறது என்பதற்காகவே கூடுதல் விலை கொடுக்கவேண்டாம் என்பது என் கருத்து. அதற்கும் கீழே 'வீன்யா' என்ற சொல்லோடு ஒரு தனித் தோட்டத்தின் பெயர் வந்தால், அதற்கு அனுமதிக்கப்பட்ட விளைச்சல் இன்னும் குறைவு.

ஊர்ப் பெயரைக் கவனிப்பது தொடக்கக்காரருக்கு அதிகம் உதவும். இந்த மண் முழுவதும் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் களிமண். மேற்கே லா மோர்ரா, பரோலோ பக்கம் நீலச் சாம்பல் நிறம் கொண்ட இளைய படிவு. ஒயினில் மணம் சீக்கிரம் விரியும், துவர்ப்பு கொஞ்சம் இளகியிருக்கும். கிழக்கே செர்ராலுங்கா, மொன்ஃபோர்தே பக்கம் பழைய, இறுகிய படிவு. ஒயினும் இறுக்கம், பல ஆண்டு காத்திருக்கச் சொல்லும். விதிவிலக்குகள் நிறைய உண்டு. ஆனாலும் இரண்டு பாட்டிலையும் ஒரே மேசையில் திறந்தால் வித்தியாசம் தெரியும்.

பார்பரெஸ்கோவில் அதே நெபியோலோ. பரப்பு பரோலோவில் பாதிக்கும் குறைவு. பார்பரெஸ்கோ, நெய்வே, த்ரெய்சோ மூன்று ஊர்களும் ஆல்பாவின் ஒரு பகுதியும். ஆறு அருகில் இருப்பதால் வெப்பம் சற்றுக் கூடுதல், திராட்சை சில நாள் முன்னதாகப் பழுக்கும். பக்குவக் காலம் 26 மாதம், ரிசெர்வாவுக்கு 50. இந்த ஊரில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது கூட்டுறவுச் சங்கம். 1894-ல் தொமித்சியோ கவாட்சா தொடங்கிய சங்கம் பாசிச ஆட்சிக் காலத்தில் மூடப்பட்டது. 1958-ல் ஊர்ப் பாதிரியார் 19 சிறு விவசாயிகளைச் சேர்த்து அதை மீண்டும் உயிர்ப்பித்தார். 'ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ' என்ற அந்தச் சங்கத்தின் ஒயின், இந்த ஊரின் சுவையை நியாயமான விலையில் அறிய நல்ல வாசல்.

விதி சொல்லாமல் விடுவது

18 மாதம் மரத்தில் என்கிறது விதி. எந்த அளவுப் பீப்பாய் என்று சொல்வதில்லை. பல ஆயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய பெரிய பீப்பாய் ஒயினுக்குத் தன் வாசனையைக் கொடுக்காது. 225 லிட்டர் புதிய சிறு பீப்பாய், வெனிலாவும் வறுத்த மணமும் ஏற்றி, துவர்ப்பையும் சீக்கிரம் மழுக்கிவிடும். இந்த ஒரு வித்தியாசத்தில் 1980-களிலும் 90-களிலும் ஊரே இரண்டுபட்டது. எலியோ அல்தாரே என்ற இளைஞர் 1983-ல் தன் அப்பாவின் பெரிய பீப்பாய்களைச் சங்கிலி ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். எதிர்த் தரப்பில் பர்தோலோ மஸ்கரெல்லோ என்ற பெரியவர் 'சிறு பீப்பாயும் வேண்டாம், (இத்தாலிய அரசியல் தலைவர்) பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று தன் கையால் லேபிள் வரைந்து ஒட்டினார். இன்று பலர் நடுவழிக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் பெரிய பீப்பாய் ஒயின்தான் பிடிக்கும். ரோஜா மணம் அதில் மறையாது. இதையெல்லாம் லேபிளில் தேடிப் பயனில்லை, தயாரிப்பாளரைப் பற்றித்தான் விசாரிக்கவேண்டும்.

படிநிலையை அப்படியே விலைநிலை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பார்பரெஸ்கோவின் மிகப் புகழ்பெற்ற தயாரிப்பாளர் ஆஞ்செலோ காயா, 1996 அறுவடை முதல் தன் மூன்று ஒற்றைத் தோட்ட ஒயின்களிலும் பார்பரெஸ்கோ என்ற பெயரை விட்டுவிட்டு, கீழ்ப்படியான லாங்கே டி.ஓ.சி.க்கு மாறினார். 'லாங்கே நெபியோலோ' பெயரில் 15 விழுக்காடு வரை வேறு திராட்சை கலக்கலாம்; பார்பரெஸ்கோவில் அது முடியாது. கீழ்ப்படியின் பெயரைச் சுமந்தபடியே அந்த ஒயின்கள் உலகின் விலையுயர்ந்த வரிசையில் நின்றன. 2013 அறுவடையிலிருந்து மீண்டும் பார்பரெஸ்கோ பெயருக்குத் திரும்பின.

அதே 'லாங்கே நெபியோலோ'தான் புதியவர்களுக்கு என் முதல் பரிந்துரையும். கட்டாயப் பக்குவக் காலம் இல்லாததால் இளமையாகவே வரும். பரோலோ எல்லைக்குள் விளைந்த திராட்சையையும், இளம் கொடி என்றோ ஆண்டு சரியில்லை என்றோ கருதினால், தயாரிப்பாளர்கள் இந்தப் பெயரில் இறக்கி விற்பதுண்டு. ஆகவே நல்ல பரோலோ செய்பவரின் லாங்கே நெபியோலோவைத் தேடுங்கள். பின் லேபிளில் 'இம்பொத்தில்யாத்தோ அல்லோரிஜினே' என்றிருந்தால், திராட்சையை விளைவித்தவரே ஒயின் செய்து பாட்டிலில் அடைத்தார் என்று பொருள். லேசாகக் குளிர்ந்த நிலையில், 16 முதல் 18 டிகிரிக்குள், வாய் அகன்ற குவளையில் ஊற்றுங்கள். முதல் குவளையைச் சாப்பாடு தொடங்கும்போதும், இரண்டாவதை ஒரு மணி நேரம் கழித்தும் குடித்துப் பாருங்கள்.